குழந்தைகள் பெயரில் ஒரு பட்டியல்

அமெரிக்காவின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுச் சட்டங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 1994: ஜேக்கப் வெட்டர்லிங் சட்டம். 1996: மேகன் சட்டம். 2006: ஆடம் வால்ஷ் சட்டம். மூன்றுமே குழந்தைகளின் பெயர்கள். ஜேக்கப்புக்கு 11 வயது, மேகனுக்கு 7, ஆடமுக்கு 6. மூவரும் கொல்லப்பட்டவர்கள்.

இதைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தபோது என் கேள்வி ஒன்றுதான். குழந்தைகளைக் காப்பாற்றப் போட்ட பட்டியலில் 14 வயசுப் பையன் எப்படி வந்து சேர்ந்தான்?

பதிவேடு என்ற யோசனை பழசு. 1947-லேயே கலிஃபோர்னியா மாநில அளவில் இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆனால் அது போலீஸின் உள் ஆவணம். 1989 அக்டோபரில் மின்னசோட்டாவின் செயின்ட் ஜோசப் ஊரில், தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜேக்கப்பை முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கி முனையில் கடத்திப் போனான். அம்மா பாட்டி வெட்டர்லிங் விடவில்லை. (பாட்டி என்பது அவர் பெயர்தான்!) அவரது முயற்சியால் வந்த 1994 சட்டம், ஒவ்வொரு மாநிலமும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்றது. வைக்காவிட்டால் மத்திய அரசு தரும் குற்றத்தடுப்பு நிதியில் 10 சதவீதம் போய்விடும். அதே ஆண்டு நியூ ஜெர்சியில் மேகனைக் கொன்றவன், ஏற்கெனவே தண்டனை பெற்ற பக்கத்து வீட்டுக்காரன். 'எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?' என்று பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1996-க்குப் பிறகு பட்டியல் போலீஸ் மேஜையிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்தது. பிறகு இணையத்துக்கும் போனது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மரபும் அதே நாட்டில் இருந்தது. 1899-ல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் தொடங்கியபோது அடிப்படை எண்ணம் இதுதான்: பையன் மாறுவான், அதனால் அவன் பெயரை ஊரறியச் சொல்லாதே. இந்த மரபும் பதிவேடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே முடியாது, இல்லையா? 1990-களில் சில மாநிலங்கள் தாமாகவே சிறாரைப் பட்டியலில் சேர்த்தன. 2006-ல் ஆடம் வால்ஷ் சட்டம் அதை நாடு முழுவதற்கும் நிபந்தனை ஆக்கியது. 14 வயது நிரம்பி, மிகக் கடுமையான பாலியல் குற்றம் செய்ததாக சிறார் நீதிமன்றம் தீர்மானித்திருந்தால் பதிவு கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் ஆஜராக வேண்டும். காலம், ஆயுள் முழுவதும். 25 வருஷம் எந்தத் தப்பும் செய்யாமல் இருந்தால் விலக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 வயதில் ஏறிய பெயர் 39 வயது வரைக்குமாவது இறங்காது.

பல மாநிலங்கள் தயங்கின. நிதி போனாலும் போகட்டும் என்று சும்மா இருந்துவிட்டவையும் உண்டு. சிறாரைச் சேர்க்கும் நிபந்தனை அந்தத் தயக்கத்துக்கு ஒரு பெரிய காரணம். 2011-ல் மத்திய அரசே கொஞ்சம் இறங்கி வந்தது. சிறாரின் விவரங்களை இணையத்தில் போடுவதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றது.

சட்டத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியதாக 2009-ல் முதலில் அங்கீகாரம் பெற்ற மாநிலம் ஓஹையோ. வேடிக்கை என்னவென்றால், முதல் பெரிய அடியும் அங்கேதான் விழுந்தது. சி.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் 15 வயதுப் பையனின் வழக்கு அது. 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம், சிறாருக்குத் தானாகவே ஆயுள் முழுக்கப் பதிவு என்பது கொடூரமான தண்டனை என்று சொல்லி, அந்தப் பிரிவை 5-2 என்ற கணக்கில் ரத்து செய்தது. 'தண்டனை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரியவர்கள் விஷயத்தில், பதிவேடு வெறும் நிர்வாக ஏற்பாடு, தண்டனையே அல்ல என்று சொல்லியிருந்தது. பிறகு 2014-ல் பென்சில்வேனியா, 2018-ல் நியூ ஜெர்சி. 'இந்தப் பையன் மறுபடியும் செய்வான்' என்று விசாரிக்காமலே சட்டம் முடிவு கட்டக்கூடாது என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

இதைப் படித்துவிட்டு 'பாவம், சின்னப் பசங்க' என்று கடந்துவிடவும் முடியாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் போலீஸுக்குத் தெரியவந்தவற்றில், குற்றம் செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறார்தான் என்கிறது 2009-ல் வந்த மத்திய நீதித்துறை அறிக்கை. பாதிக்கப்பட்ட குழந்தையின் வலி நிஜம். ஆனால் அந்தக் குழந்தை பல சமயம் அதே வீட்டில் இருக்கிறது. அண்ணன் பெயரை இணையத்தில் போட்டால் தங்கை யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடாதா? அதற்குப் பயந்து பெற்றோர் புகாரே கொடுக்காமல் மூடி மறைத்தால் அந்தத் தங்கைக்கு யார் துணை?

பதிவேட்டால் பலன் இருக்கிறதா? எலிசபெத் லெட்டூர்னோ குழுவினர் தென் கரோலினாவில் செய்த ஆய்வில், பதிவு செய்ததால் சிறார் மீண்டும் குற்றம் செய்வது குறைந்ததாகத் தெரியவில்லை. மறுபடி பாலியல் குற்றம் செய்யும் சிறார் மிகச் சிலரே என்றுதான் வெவ்வேறு ஆய்வுகளும் காட்டுகின்றன. அதே லெட்டூர்னோவின் 2018 ஆய்வில், பதிவேட்டில் இருந்த சிறார் அண்மையில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, சிகிச்சை பெற்றும் பதிவேட்டில் இல்லாத சிறாரைவிட சுமார் 4 மடங்கு.

ஜேக்கப்பின் உடல் 2016-ல்தான் கிடைத்தது. கொன்றதை ஒப்புக்கொண்டவன், ஆரம்பத்திலேயே போலீஸ் விசாரித்துவிட்டு விட்ட ஆள். பாட்டி வெட்டர்லிங் அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே, இந்தச் சட்டங்கள் எல்லை மீறிப் போய்விட்டன, சிறாரை இதில் சேர்ப்பது சரியல்ல என்று வெளிப்படையாகப் பேசிவருகிறார். மகன் பெயரில் சட்டம் கேட்டு வாங்கிய அம்மா சொல்கிறார். பல மாநிலங்களின் பதிவேடுகளில் சிறார் இன்னமும் இருக்கிறார்கள்.