திருநாள் தேதி (தேவாலயப் பதிவேடுகள்)

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும்போது மாதத்தையும் தேதியையும் குறிக்காமல், அன்றைய திருநாளின் அல்லது ஞாயிற்றின் பெயரை மட்டும் எழுதும் முறை. 18ஆம் நூற்றாண்டு டென்மார்க்-நார்வே லுத்தரன் பதிவேடுகளில் இது பரவலாகக் காணப்படும். குருவானவர் 'திரித்துவத்துக்குப் பின் 3ஆம் ஞாயிறு' என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார். அவர் சபையார் எல்லோருக்கும் அது எந்த நாள் என்று தெரியும். முந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவர்தான் கணக்குப் போட வேண்டும்.

நிலையான திருநாள்களில் சிக்கல் இல்லை. யோவான் ஸ்நானகன் திருநாள் ஜூன் 24, மிகாவேல் திருநாள் செப்டம்பர் 29. மற்றவை ஈஸ்டரோடு சேர்ந்து நகர்பவை. ஈஸ்டரிலிருந்து 49ஆம் நாள் பெந்தெகொஸ்தே, 56ஆம் நாள் திரித்துவ ஞாயிறு, 77ஆம் நாள் மேலே சொன்ன 3ஆம் ஞாயிறு. கத்தோலிக்கர் பெந்தெகொஸ்தேயிலிருந்து எண்ணியதால் அதே நாள் அவர்கள் ஏட்டில் 4ஆம் ஞாயிறாக இருக்கும்.

பலர் தவறுவது ஈஸ்டர் தேதியில். டென்மார்க்-நார்வே 1700இல் பிப்ரவரி 18க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டது. ஆனால் ஈஸ்டரை மட்டும் ரோமாபுரியின் அட்டவணைப்படி வைக்காமல் வானியல் கணக்கால் குறித்தது. இதனால் 1724இலும் 1744இலும் ஒரு வாரம் விலகியது. 1724இல் கத்தோலிக்கருக்கு ஏப்ரல் 16, லுத்தரன்களுக்கு ஏப்ரல் 9. இன்றைய ஈஸ்டர் அட்டவணையைக் கொண்டு அந்த ஆண்டின் 3ஆம் ஞாயிற்றைத் தேடினால் ஜூலை 2 கிடைக்கும். உண்மையான நாள் ஜூன் 25. 1776இல்தான் இந்தத் தனிக்கணக்கு முடிவுக்கு வந்தது.

இது நார்வேயோடு நிற்கும் செய்தி அல்ல. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க் அரசரின் ஊர். 1814 வரை நார்வேயும் அதே முடியின் கீழ் இருந்தது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த 1706 ஜூலை 9 புதிய (கிரிகோரியன்) கணக்குத் தேதி. அன்று, இன்னும் ஜூலியன் கணக்கிலேயே இருந்த சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் ஜூன் 28 என்று எழுதினர். சோழமண்டலக் கடற்கரையில் எந்தக் கொடி பறந்தது என்று கேட்காமல் தேதியை நம்பக் கூடாது.

மும்பையிலும் இதே கதைதான். டோம்பிவிலியில் ரயிலேறி தாதரில் மாறி மாகிமையும் பாந்த்ராவையும் கடப்பவர்கள் அதே நாட்காட்டிப் பிளவின் மேல்தான் பயணம் செய்கிறார்கள். 1665இல் பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கழிமுகத்துக்கு அப்பால், பாந்த்ரா அடங்கிய சால்செட் 1737 வரை போர்த்துகீசியரிடம் இருந்தது. பாந்த்ராவில் கிறிஸ்துமஸ் கொண்டாடிய நாளில், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் டிசம்பர் 15. 1700க்குப் பிறகு டிசம்பர் 14. இங்கிலாந்தின் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி, பிப்ரவரி நிகழ்ச்சிகளுக்கு ஆண்டும் ஒன்று குறையலாம். 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்து 14 என்று வைத்து நாள் வேறுபாட்டை ஆங்கிலேயர் சரிசெய்தனர்.

தாராவியில் குடியேறிய நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடும்போது பாளையங்கோட்டையின் 1780ஆம் ஆண்டுச் சபைப் பட்டியலை அடைகின்றன. அச்சபையின் முன்னோடியான கிளாரிந்தா உட்பட நாற்பது பேர் அதில் உள்ளனர். முன்னோர் பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் திருநாளை அவசரமாகத் தேதியாக்குவது அந்தப் பெயருக்குச் செய்யும் அநீதி. எந்தச் சபை, எந்த அரசு என்று பார்த்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

தமிழருக்கு இக்கலை புதிதல்ல. கல்வெட்டு தரும் திதி, நட்சத்திரம், கிழமையை ஆங்கிலத் தேதியாக்க எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தந்த அட்டவணைகள் 1922இல் பெருநூலாக வந்தன. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். திருச்சபைப் பதிவேடுகளுக்கு நம்மிடம் அப்படியொரு நூல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மீண்டும் டென்மார்க்-நார்வேப் பதிவேடுகளுக்கு வருவோம். 1770இல் அங்கு அரசு பல திருநாள்களின் விடுமுறையை நீக்கியது. யோவான், மிகாவேல், சகல பரிசுத்தவான்கள் திருநாள்கள் அவற்றுள் அடங்கும். 1812இல் அச்சிட்ட பத்திகளுடன் சீரான பதிவேட்டுப் படிவம் கட்டாயமானது. அதில் தேதிக்கென்று தனிப் பத்தி இருந்தது.