மலைக்கு இந்தப் பக்கம் ஆயிரம், அந்தப் பக்கம் ஐந்நூறு

நேரு கோப்பைப் படகுப் போட்டியைப் பார்க்க எங்கள் பக்கத்திலிருந்து ஆலப்புழைக்குப் போகிறவர்கள் உண்டு. விக்கிரமசிங்கபுரத்தில் கிளம்பி ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை வந்து, மலையேறி, மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் இறங்கி, தென்மலை, புனலூர் வழியாகப் போனால் இருநூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணம். கடவுச்சீட்டு வேண்டாம், லைசென்ஸ் மாற்ற வேண்டாம். மலைக்கு இருபுறமும் நடப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்தான். ஆனாலும் கோட்டைவாசலைத் தாண்டியதும் வண்டி ஓட்டுகிறவர்களின் நடத்தை மாறிவிடுகிறது. நெடுநாள் கவனித்துவந்த இந்த மாற்றத்தை வைத்தே தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரண்டு மாநிலங்களின் வாகனச் சோதனையை ஒப்பிட விரும்புகிறேன்.

முதலில் அபராதத் தொகையைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 1 முதல் மத்திய அரசு திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட் போடாமல் போனால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு, அடுத்த மாதமே கேரள அரசு அதை 500 ஆகக் குறைத்துவிட்டது. சீட் பெல்ட்டுக்கும் 500தான். தமிழ்நாடு மூன்றாண்டுகள் பொறுத்திருந்து, 2022 அக்டோபரில் 1,000 ரூபாயை அப்படியே ஏற்றது. ஆக, ஒரே தவறுக்கு எங்கள் பக்கம் இரட்டிப்புத் தண்டனை. தொகையைக் கண்டு மக்கள் பயப்படுவார்கள் என்றால், தென்காசி சாலையில் ஓடும் பைக்குகளில் எல்லாம் ஹெல்மெட் இருக்க வேண்டும். புனலூரில் அது குறைவாக இருக்க வேண்டும். கண்ணால் காண்பது நேர்மாறாக இருக்கிறது. கடையத்திலிருந்து புளியரை வரை பெட்ரோல் டேங்க் மேலோ கைப்பிடியிலோ தொங்கிக்கொண்டு வரும் ஹெல்மெட் கோட்டைவாசலில் தலைக்கு ஏறும். "ஏல, மாட்டுல, கேரளா வந்துட்டு" என்று பின்னால் இருப்பவன் சொல்வதை என் காதாரக் கேட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் அது கழன்றுவிடும்.

காரணம், எங்கள் பக்கத்துச் சோதனை ஆளை நம்பியது. மாவட்டச் சாலைகளில் பெரும்பாலும் ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு மூன்று காவலர்களும் ஊரின் நுழைவாயிலிலோ பாலத்தடியிலோ நின்று வண்டிகளை ஓரங்கட்டுவார்கள். எந்த இடம், எந்த நேரம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவருக்கு எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டிவிடுவார். அந்த இருநூறு அடிக்கு வேகம் குறையும். தாண்டியதும் விட்டதைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள். இன்றைக்குச் சோதனை இருந்தால் நாளைக்கு இருக்காது என்ற கணக்குதான் ஆயிரம் ரூபாயை அற்பமாக்குகிறது.

இருந்தாலும் ஆள் நின்று செய்யும் சோதனையைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. குடித்துவிட்டு வருகிறவனைக் கண்டுபிடிக்கக் காவலர் ஒருவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். ஊதச் சொல்ல வேண்டும். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டம் 10,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அந்தத் தொகையைவிட, அந்த நேரத்தில் சாவி கையை விட்டுப் போவதே உயிரைக் காக்கிறது. பின்னிரவில் தூக்கக் கலக்கத்தோடு வரும் லாரி ஓட்டுநர்களை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் இருந்திருக்கிறது. கேமரா தேநீர் தராது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டியைக் கண்டு வழிவிடவும் மனிதனுக்குத்தான் தெரியும்.

அந்த மனிதத்தன்மைக்கு மறுபக்கமும் உண்டு. தெரிந்த முகம், தெரிந்த சாதி, தெரிந்த கட்சிக் கொடி என்றால் கை தானாக இறங்கும். வெளியூர் நம்பர் என்றால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். இந்த வேறுபாட்டை அனுபவித்தவர்களுக்குச் சட்டத்தின் மேல் மரியாதை எப்படி வளரும்?

புளியரைக்கு வருவோம். எல்லை என்றால் சோதனை பலமாக இருக்கும் என்று நினைப்போம், பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நிறுத்துகிறவர்கள் பார்ப்பது வண்டியின் வயிற்றை. ரேஷன் அரிசி போகிறதா, கஞ்சா வருகிறதா, கல்லும் எம் சாண்டும் அனுமதிச் சீட்டோடு போகின்றனவா, அங்கிருந்து குப்பை வருகிறதா என்பதே கேள்வி. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுக் கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போன பிறகு, அந்தக் கெடுபிடி நியாயம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆரியங்காவில் அவர்கள் நம் பாலைப் பரிசோதிக்கிறார்கள், மஞ்சள் பலகை வேன்களின் பெர்மிட்டைப் பார்க்கிறார்கள். இத்தனை துறைகள் காவல் இருக்கும் அந்த மலைப்பாதையில் வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் அது. கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் வழியில் 'எஸ் வளைவு' என்று எல்லோரும் சொல்லும் திருப்பம் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தால் பிரேக் பிடிப்பது ஓட்டுநர் கையில் இல்லை. 2024 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பிளைவுட் ஏற்றி வந்த லாரி அந்தப் பகுதியில் கட்டுப்பாட்டை இழந்து, கீழே செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த முதிய தம்பதி சத்தம் கேட்டு எழுந்து, தண்டவாளத்தில் ஓடி, டார்ச் விளக்கை அடித்துக் காட்டி எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். அவர்களைப் போற்றாத தமிழர் இல்லை. ஆனால் ஒரு தேசிய நெடுஞ்சாலையின் பாதுகாப்பு, வயதான இருவர் விழித்துக்கொண்டதில் தொங்கியது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இனி அந்தப் பக்கம். கேரளத்தில் 'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தின் கீழ் 726 கேமராக்கள் வைக்கப்பட்டு, 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். கெல்ட்ரான் நிறுவனம் பொருத்தியது. நடத்துவது போலீஸ் இல்லை, மோட்டார் வாகனத் துறை. செலவு குறித்தும் ஒப்பந்தம் குறித்தும் எதிர்க்கட்சிகள் எழுப்பிய புகார்கள் உயர் நீதிமன்றம் வரை போயின. அது தனிக் கதை. சாலையில் போகிறவனுக்குத் தெரிய வேண்டியது, யாரும் கை காட்டவில்லை, யாரும் விசில் ஊதவில்லை, ஆனால் வீடு வந்து சேர்ந்த பின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும் என்பது. அபராதச் சீட்டில் வண்டி எண், நேரம், இடம், படம் எல்லாம் இருக்கும். வண்டி எந்த மாநிலத்துப் பதிவாக இருந்தாலும் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் உரிமையாளர் பெயரிலேயே ஏறிவிடுவதால், எல்லை தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பின்னால் உட்கார்ந்தவருக்கு ஹெல்மெட் இல்லை என்பதற்கும் 500 ரூபாய்; ஓட்டும்போது போன் பேசினால் 2,000; காருக்கு வேகம் மீறினால் 1,500. தொகை சின்னதுதான். தப்ப முடியாது என்ற எண்ணமே ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றுகிறது.

ஆனால் அந்த 726இல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், போன் ஆகியவற்றுக்கு. 25 வண்டி நிறுத்தும் தவறுகளுக்கு. 18 சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களுக்கு. அந்தத் திட்டத்தில் வேகத்துக்கென்று வைத்தவை எட்டே எட்டு. நான்கு ஓரிடத்தில் நிற்பவை, நான்கு வண்டியில் வைத்து நகர்த்துபவை. 'எல்லாவற்றையும் கேமரா பார்க்கும்' என்று நம் ஆட்கள் நடுங்குவது வேக விஷயத்தில் முழுக்கச் சரியில்லை. கேரளத்தின் பலம் வேறொன்றில் இருக்கிறது: எங்கே எவ்வளவு வேகம் என்பதை அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். 2023 ஜூலை 1 முதல் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் கார் 100, மற்றத் தேசிய நெடுஞ்சாலையில் 90, ஊருக்குள் 50. பைக்குக்கு உச்சவரம்பை 70இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரை நிறுத்தி, இந்தச் சாலையில் எவ்வளவு வேகம் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். மத்திய அரசு 2018இல் வேக வரம்பை உயர்த்தி அறிவித்ததும், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்ததும் சட்டம் படித்தவர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. பலகை இல்லாத சாலையில் வரம்பு யாருக்குத் தெரியும்?

உயிரிழப்புக் கணக்கு இந்த ஒப்பீட்டைக் கூர்மையாக்குகிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். கேரளத்தில் 43,910 விபத்துகள், 4,317 சாவுகள். நூறு விபத்துக்கு எங்கள் பக்கம் ஏறக்குறைய 28 பேர் சாகிறார்கள், அங்கே 10 பேர். இந்த வித்தியாசத்தைக் கேமராவின் சாதனை என்று சொன்னால் அது பொய். 2022இல் அந்தக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கவே இல்லை. கேரளச் சாலை குறுகல், வளைவு அதிகம், வீடும் கடையும் விடாமல் தொடர்ந்து வரும். வேகம் எடுக்க நினைத்தாலும் சாலை விடாது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும், சின்ன மோதலும் பதிவாகும். நமக்குச் சாலை அகலம், நேர்கோடு, இடையில் வயல்வெளி. திருநெல்வேலி–தென்காசி சாலை நான்குவழி ஆன பிறகு ஆலங்குளம் பக்கம் போகும் கார்களின் வேகத்தைப் பார்த்தால் இது புரியும். நாடு முழுக்க 2022இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அதிவேகம் காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. அப்படியானால் கேரளத்தைவிடத் தமிழ்நாட்டுக்குத்தான் வேகக் கேமரா அவசரத் தேவை. சாலை செய்யாத வேலையைக் கருவிதான் செய்ய வேண்டும்.

எல்லை தாண்டினால் ஓட்டும் விதம் மாறும் சிக்கல் நமக்கு மட்டும் உரியதில்லை. சிங்கப்பூர்த் தமிழர்கள் மலேசியாவின் செபாங் மோட்டார் பந்தயத்துக்குக் காரில் போகும்போது இதே மாற்றத்தைச் சந்திக்கிறார்கள். சொந்த ஊரில் விரைவுச்சாலை வரம்பு அதிகபட்சம் 90. பாலம் தாண்டினால் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் 110. மலேசியாவில் நிலையான கேமராவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைத்துவிடுகிறார்கள். பிடிப்பது நோக்கமில்லை, குறைக்க வைப்பதே நோக்கம் என்பது அந்தப் பலகையிலேயே தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு நாட்டுக் கேமராவில் சிக்கியவரின் விவரத்தை இன்னொரு நாட்டிலிருந்து பெற்று நோட்டீஸ் அனுப்ப 2015 முதல் பொதுவான ஏற்பாடு இருக்கிறது.

கேமரா வைக்க நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. விபத்து அதிகமுள்ள தேசிய, மாநில நெடுஞ்சாலைப் பகுதிகளில் மின்னணுக் கருவிகளை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும். அங்கே கண்காணிப்பு உண்டு என்று பலகை வைக்க வேண்டும். தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இவை வண்டி ஓட்டுகிறவனின் உரிமைகளும்கூட. பலகை இல்லாமல், படம் தெளிவில்லாமல் வந்த அபராதத்தை எதிர்த்துக் கேட்கலாம்.

ஆலப்புழைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. படகுப் போட்டி நடக்கும் புன்னமடைக் காயலில் 2024இல் காரிச்சால் படகு 4 நிமிடம் 29.785 வினாடியிலும் வீயபுரம் படகு 4 நிமிடம் 29.790 வினாடியிலும் முடித்தன. வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் வெற்றி. போட்டி நாளன்று பந்தயத் தடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையும் படகுகளைப் பிடித்துவைப்பார்கள், சாலையோரம் கண்டபடி நிறுத்திய வண்டிகளை அகற்றுவார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலையச் சாயங்காலம் ஆகிவிடும். உடனே கிளம்பினால் நள்ளிரவு நெருங்கும் வேளையில், களைத்த கண்ணோடு, பந்தயத்தின் சூடு ஆறாத நெஞ்சோடு எஸ் வளைவில் இறங்குவீர்கள். அங்கே உங்களைத் தடுக்கக் கேமராவும் இருக்காது, கை காட்டக் காவலரும் இருக்கமாட்டார். இரவு அங்கேயே தங்கிக் காலையில் கிளம்புங்கள். போகுமுன் பரிவாகன் தளத்தில் உங்கள் போன் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணுக்குப் போன நோட்டீஸுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும் போக்குவரத்துத் துறைக்கும் என் வேண்டுகோள் இது: கோட்டைவாசல்–புளியரை இறக்கத்தில் வேக வரம்புப் பலகையும் வேகக் கேமராவும் உடனே வையுங்கள். புளியரைச் சோதனைச்சாவடியில் இரவு முழுக்க இருக்கும் காவலர்களுக்கு அந்தக் கேமராவின் திரையைக் கொடுங்கள். மேலே அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வந்த லாரியைக் கீழே நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, முகம் கழுவ வைத்து அனுப்பட்டும். விதியும் இருக்கிறது, சாவடியும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.