அணியின் தொடக்கத்தில் உறுப்பு சேர்த்தல்

அணியின் தொடக்கத்தில் உறுப்பு சேர்த்தல் என்பது, வரிசையாக அடுக்கிய தரவுகளுக்கு முன்னால் புதிய ஒன்றை நுழைத்து, அதற்குச் சுட்டெண் 0-ஐ அளிக்கும் நிரலாக்கச் செயல். ஜாவாஸ்கிரிப்ட், பெர்ல், ரூபி மொழிகளில் இதற்கு ‘அன்ஷிஃப்ட்’ என்ற கட்டளை உண்டு. பைத்தானில் 0-ஆம் இடத்தில் ‘இன்சர்ட்’ செய்வார்கள். எழுதுவது ஒரே வரிதான், ஆனால் கணினி செய்யும் வேலை பொதுவாக அணியின் நீளத்தைப் பொறுத்தது. ஆகவே கட்டளையை அறிவதைவிட, அந்த உறுப்பு உண்மையிலேயே நினைவகத்தில் முன்னால் இருக்க வேண்டுமா, காட்டும்போது முன்னால் வந்தால் போதுமா என்று முடிவு செய்வதே முக்கியம்.

மலேசியாவில் வட சிலாங்கூரின் கடலோரச் சாலையில் உள்ள ஊர்களை ஓர் அணியாகக் கொள்வோம்: கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணம். இவற்றின் சுட்டெண்கள் 0 முதல் 4 வரை. தெற்கே உள்ள ஜெராமை முதலில் வைக்க வேண்டுமானால், உறுப்புகள் நினைவகத்தில் இடைவெளியின்றி இருப்பதால், சபாக் பெர்ணம் 5-க்கும், சுங்கை பெசார் 4-க்கும் என ஐந்து ஊர்களும் ஒவ்வோர் இடம் நகர்ந்த பிறகே 0-ஆம் இடம் காலியாகும். வடக்கே தெலுக் இந்தானைக் கடைசியில் சேர்ப்பதாக இருந்தால், ஒதுக்கிய இடம் மிச்சமிருக்கும்வரை ஒரே ஒரு பதிவு போதும். ஐந்து ஊர்கள் மட்டும் இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. வெற்று அணியில் 1,00,000 உறுப்புகளை ஒவ்வொன்றாக முன்னால் நுழைத்தால், மொத்த நகர்வுகள் ஏறத்தாழ 500 கோடியாகிவிடும்.

இன்றைய செயலிகள் தொடர்ச்சியான நினைவகத்தைக் கட்டுக்கட்டாக நகர்த்துவதால் இந்தக் கவலை வீண் என்பார்கள். சிறிய அணிக்கும், எப்போதோ ஒருமுறை செய்யும் சேர்ப்புக்கும் அது சரியே. அங்கே படிக்க எளிதான நிரலே நல்ல நிரல். ஆனால் நகர்த்தும் வேகம் செலவைக் குறைக்குமே தவிர, அது வளரும் விதத்தை மாற்றாது: ஒவ்வொன்றாக முன்னால் சேர்க்கும் உறுப்புகள் இருமடங்கானால் மொத்த நகர்வுகள் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அப்படியானால் 1958-இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழியைப் போல எங்கும், ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் இணைப்புப் பட்டியலையே பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அதில் முன்சேர்ப்பு ஒரே படிதான். ஆனால் 500-ஆவது உறுப்பை எடுக்க முந்தையவற்றை எல்லாம் கடந்தாக வேண்டும். இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் பைத்தான் 2.4 பதிப்பு 2004-இல் ‘டெக்’ என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதுவும் வேண்டாமென்றால், எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்துவிட்டு, இறுதியில் ஒரே ஒருமுறை வரிசையைத் திருப்பிவிடலாம்.

முன்வைப்பதை இப்படித் தள்ளிப்போடும் முறைக்குத் தமிழ்க் கணிமையே நல்ல சான்று. ‘ஜெராம்’ என்ற பெயரில் கொம்பு ஜகரத்துக்கு முன்னால் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்த திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில், ஒலிப்பு முறையில் தட்டெழுதுபவர் ஜகரத்துக்குப் பின் எகரத்தை அழுத்தினால், மென்பொருள் ஏற்கெனவே பதிந்த எழுத்துக்கு முன்னால் கொம்பை நுழைக்க வேண்டியிருந்தது. யூனிகோடு ஜகரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் வைக்கிறது. திரையில் வரையும்போது மட்டும் கொம்பு முன்னால் போகிறது. அந்த இடமாற்றம் ஓர் அசைக்குள் முடிவதால் உரை எவ்வளவு நீண்டாலும் மற்ற எழுத்துகள் அசைவதில்லை, அகரவரிசைப்படுத்தலும் எளிதாகிறது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன் ஆப்பிள் கருவிகளுக்கு வடிவமைத்த தமிழ் எழுத்துருக்களும் இந்த மறுவரிசையை நம்பியே இயங்குகின்றன.

ஆகவே முன்சேர்ப்பு விலக்க வேண்டிய பிழை அன்று. இடமறிந்து செய்ய வேண்டிய செயல். நிரலாக்கம் கற்பிப்போர் கட்டளையின் பெயரோடு நிறுத்தாமல், அது எத்தனை உறுப்புகளை நகர்த்துகிறது என்பதையும் மாணவரைத் தாளில் எழுதிப் பார்க்கச் செய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களால், புதிய மொழி எதைக் கற்றாலும் தரவை எந்த முனையில் வளர்ப்பது என்று தாமே தீர்மானிக்க முடியும்.