கடலாண்ட குடியரசுகள்: ஜெனோவாவின் இரண்டாம் மரணம்

சென்ற இதழில் வெனிஸ் நகரத்தின் அஸ்தமனத்தைக் கண்டோம். அதன் ஜன்ம வைரியான ஜெனோவாவோ ஒரு முறை மாண்டு, எட்டு மாத காலம் உயிர்த்திருந்து, மறுபடியும் மாண்டது.

பின்னால் மலையும் முன்னால் கடலுமாக, உழுவதற்கு நிலமின்றி நெருக்குண்டு கிடந்த அந்நகரத்தார், கருங்கடலின் வடகரையிலுள்ள காஃபா வரையில் சென்று வாணிபம் நடத்தி, ஈட்டிய திரவியத்தை ஸ்பெயின் தேசத்து மன்னர்களுக்கே வட்டிக்குக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தவர்கள். 1407-ல் தோன்றிய புனித ஜார்ஜ் வங்கி குடியரசின் கடன் சுமையை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக வரி வசூலையும், பின்னர் சில காலம் கார்ஸிகா தீவின் நிர்வாகத்தையுமே தன் வசத்தில் வைத்திருந்தது. அதன் மாளிகை இன்றும் துறைமுகத்தின் அருகே நிற்கிறது. அதன் மண்டபத்திலே தர்மவான்களின் சிலைகள் உண்டு. பெருந்தொகை ஈந்தவர் அமர்ந்த கோலத்திலும், அதற்குக் குறைந்தவர் நின்ற கோலத்திலும், இன்னும் குறைந்தவர் மார்பளவிலும் காட்சி தருகின்றனர். தர்மம் செய்யும்போதும் தராசைக் கீழே வைக்காத ஜனங்கள்!

இரண்டாண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படும் அவர்களுடைய தலைவருக்கு 'டோஜே' என்று பெயர். பதவியிலிருக்கும் வரையில் அவர் நகரத்தை விட்டு வெளியே போகலாகாது என்பது சட்டம். 1684-ல் ஜெனோவாவைக் கப்பற்படையால் குண்டு மாரி பொழிந்து நொறுக்கிய பதினான்காம் லூயி மன்னன், மறு ஆண்டு டோஜே லெர்காரி நேரில் வந்து மன்னிப்புக் கோர வேண்டும், பதவியையும் இழக்கலாகாது என்று பிடிவாதம் செய்து அவரை வெர்ஸேல்ஸுக்கு வரவழைத்தான். அரண்மனையின் அதிசயங்களையெல்லாம் காட்டி, எது தங்களை அதிகமாக வியக்க வைத்தது என்று வினவியபோது, 'நான் இங்கே இருப்பதுதான்' என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்லுவார்கள்.

1797-ல் நெப்போலியனுடைய நிர்ப்பந்தத்தால் பழைய ஆட்சி கவிழ்ந்தது, 1805-ல் நகரம் பிரெஞ்சு சாம்ராஜ்யத்தில் கரைந்தது, வங்கியும் மூடப்பட்டது. 1814 ஏப்ரலில் நகரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலத் தளபதி பெண்டிங்க் பிரபு, 1797-க்கு முற்பட்ட குடியரசு மீண்டும் ஸ்தாபிக்கப்பட்டதென்று பகிரங்கமாக அறிவித்தார். இவர் வேறு யாருமல்லர். வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தின்போது சென்னையில் கவர்னராக இருந்து, அதன் பொருட்டுத் திருப்பி அழைக்கப்பட்ட அதே வில்லியம் பெண்டிங்க். மேலிடத்தின் சம்மதம் பெறாமலே அவர் தந்த வாக்கு ஒன்றரை மாதங்கூட நிலைக்கவில்லை. மே 30-ல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் இரகசிய ஷரத்து ஒன்று, ஜெனோவாவை ஸார்டினியா மன்னருக்கென்று ஒதுக்கிவிட்டது. பிரான்ஸின் எல்லையில் பலமான ஒரு ராஜ்யம் தடுப்பாக இருக்க வேண்டுமென்பது ஆங்கில மந்திரி காஸல்ரேயின் வாதம்.

வியன்னா மகாநாட்டுக்கு ஜெனோவாவின் பிரதிநிதியாகச் சென்ற பிரிஞோலே ஸாலே எவ்வளவோ மன்றாடியும் பயனில்லை. பழைய உரிமைகளை மீட்டளிப்பதே தங்கள் தர்மம் என்று பறைசாற்றிய அந்தச் சபை, முடியிழந்த மன்னர்களைத் தேடிப் பிடித்துச் சிங்காதனத்தில் ஏற்றியதே தவிர, முடியில்லாமலே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ராஜ்யத்துக்கும் உரிமை உண்டென்பதை ஒப்பவில்லை. இதை வஞ்சகம் என்றுதான் நான் சொல்லுவேன். பம்பாயில் நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் மாக்கிண்டாஷ் என்பார் காமன்ஸ் சபையில் ஜெனோவாவுக்காகப் பரிந்து பேசினார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. டிசம்பர் இறுதியில் தாற்காலிக அரசாங்கம் கண்டனம் தெரிவித்து விலக, 1815 ஜனவரியில் நகரம் ஸார்டினியா மன்னர் விக்டர் இம்மானுவேலின் டச்சியாயிற்று.

ஜெனோவாவார் இதை மறந்துவிடவில்லை. 1849-ல் கிளர்ந்தெழுந்தபோது ஸார்டினியத் தளபதி லா மார்மோராவின் பீரங்கிகளே அவர்களை அடக்கின. மன்னராட்சியை ஆயுள் முழுவதும் எதிர்த்த மாஜினியும், நகரம் பிரான்ஸில் இணைந்த அதே 1805 ஜூனில் அங்கே பிறந்தவர்தாம். அதே வியன்னாவில் ஆஸ்திரியாவின் வசமாகிய ராகூஸாவின் கதையை அடுத்த இதழில் காண்போம்.