பொன்முடியும் நன்னூற் பாயிரமும்

திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போய், கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். இதே மலைத்தொடரில்தான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நிற்கிறது. தமிழின் முதல் இலக்கணத்தைச் செய்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் பெயரால் அமைந்த மலை அது. அம்மலைக்கு அண்டை வீட்டுக்காரர்களாக வாழும் நம்ம பிள்ளைங்க, தமிழ் இலக்கணம் என்றாலே நடுங்குவது விந்தையன்றோ!

சாலைக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு வியாபாரம் செய்பவன் நான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. கடை சாத்தின பிறகு படித்ததே என் கல்வி. சரக்கு விஷயமாகப் பொன்முடி தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகும்போது, லயத்து வாசலில் ஒரு சிறுமி தமிழ்த் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உவமைத்தொகை, அன்மொழித்தொகை, ஆகுபெயர் என்று வரிசையாக ஒப்பித்தாள். “அன்மொழித்தொகைன்னா என்னம்மா?” என்று கேட்டேன். “அது ரெண்டு மார்க், தாத்தா” என்றாள்.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இந்தச் சொற்கள் எதற்காகப் பிறந்தன என்பதை நாம் மறந்துபோனதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

பெயருக்குள்ளே நாலு பொருள்

அவள் குடியிருக்கும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். காலை வெயிலில் சிகரம் மின்னுவதைக் கண்டு ‘பொன் போன்ற முடி’ என்றால் உவமைத்தொகை. மலைத்தெய்வங்கள் இங்கே பொன்னைக் காத்துவருகின்றன என்பது இப்பகுதிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. அதன்படி ‘பொன்னை உடைய முடி’ என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சமண, பௌத்தர் இங்கு வாழ்ந்ததால் பெயர் வந்தது என்போரும் உளர். அருகனுக்குப் ‘பொன்னெயில் நாதன்’ என்னும் பெயர் உண்டு; அவனது முடி என்று கொண்டால் ஆறாம் வேற்றுமைத்தொகை. இனி, ‘பொன் போன்ற முடியை உடைய மலை’ என்று முழு மலையையும் குறித்தால், அதுவே உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை!

தமிழ்ச் சமணனாகிய எனக்கு மூன்றாவது விளக்கம் இனிக்கத்தான் செய்யும். ஆனால் ஆசை சான்றாகாது; வரலாற்றுக்குக் கல்வெட்டோ ஏடோ வேண்டும். இலக்கணம் செய்வது, ஒரு சொல் எத்தனை வகையில் பொருள் தரும் என்று பிரித்துக் காட்டுவது. எது பொருந்தும் என்பதை இடம் நோக்கி நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பவணந்தி சொன்ன படிப்பு முறை

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் என்னும் சமணத் துறவி நன்னூல் செய்தார். நூற்பாக்கள் 462. அவற்றில் முதல் 55 பாயிரம். எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்பே, எப்படிப் படிப்பது, எப்படிப் பாடம் சொல்வது என்பதைப் பாயிரம் பேசுகிறது. இன்று தேர்வுக்கு இது வேண்டாம் என்று பிள்ளைங்க தாண்டிப் போகும் பகுதியும் இதுவே.

ஒரு நூற்பாவின் உட்பொருளை விளக்கும் காண்டிகை உரைக்கு ஐந்து உறுப்பு சொல்கிறார்: கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. ‘பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக’ என்று இன்றைய வினாத்தாள் கேட்பதும் இதைத்தானே? பத்தி என்ன சொல்கிறது, அருஞ்சொல்லுக்குப் பொருள் என்ன, அதுபோல வேறொன்று காட்டு, நீயே ஒரு கேள்வி கேள், நீயே விடை சொல். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் மாணவர்களுக்காக நன்னூலுக்கு எழுதியதும் காண்டிகையுரையே.

திரும்பப் படிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு நூலை இரண்டு முறை கேட்டவனுக்குப் பிழை வராது. மூன்று முறை கேட்டவன் முறையறிந்து பிறருக்குச் சொல்வான். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. கூடப் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் வரும். நானும் வியாபாரி, கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக முழுசு வருகிறது! தனியே உட்கார்ந்து ஒப்பிக்கிற பிள்ளைக்கு முக்கால் பங்கு நட்டம் என்பதே இதன் பொருள்.

மாணாக்கரை வகைப்படுத்தும்போது, சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளியை இடைத்தரத்தில்தான் வைக்கிறார். தலைமாணாக்கருக்கு உவமை அன்னமும் பசுவும். அன்னம் பிரித்து எடுக்கும். பசு நிறைய மேய்ந்துவிட்டு, பிறகு நிதானமாக அசைபோடும். மனப்பாடம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமே செய்தார்கள். ஆனால் அது மேய்ச்சல். அசைபோடுவது பிறகு நடந்தாக வேண்டும்.

ஐயர் அவர்களின் பாடம்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே.சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசாமி முதலியார் தூண்ட, சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். இலக்கணமும் செய்யுளும் கரைகண்டவருக்கே பல இடங்களில் பொருள் பிடிபடவில்லை; காரணம், அவை சமண சமயச் சொற்கள். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். கேட்கக் கேட்கப் பாட்டு விளங்கிற்று. 1887இல் நூல் அச்சேறிற்று. அவ்வளவு பெரிய புலவரே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார் என்றால், நம்ம பிள்ளைங்க கேட்பதில் என்ன வெட்கம்?

நாம் செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் பிள்ளை தெருவில் கேட்பதெல்லாம் தமிழ். இங்கே கடைப் பலகையும் பேருந்துப் பலகையும் மலையாளம். தமிழ்ப் பாடம் பயமுறுத்தினால், பிள்ளை அதை விட்டுவிட்டு வேறு மொழியை எடுத்துக்கொள்ளும். அதன் பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் கடிதத்தை வாசிக்கத் தெரியாது. ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பள்ளித் தேர்வுக்கு முந்தின இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும். ஒரு பத்தி, ஐந்து உறுப்பு. சொந்த ஊர்ப் பெயரிலிருந்து ஒரு தொகை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். பாயும் காப்பியும் என் பொறுப்பு.