பீரோச் சாவி

நான் படித்த பள்ளிக்கூடம் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டின் நடுவில் இருந்தது. நூலகம் என்று பெயர் சொல்ல அங்கே ஒரு பச்சைப் பீரோ உண்டு. சாவி ஹெட்மாஸ்டரின் மேஜை டிராயரில். ஐந்து வருஷத்தில் அந்தப் பீரோ திறந்து நான் பார்த்தது இரண்டே தடவை; இரண்டும் ஆடிட்டுக்காக. புத்தகம் தொலைந்தால் விலையைத் தம் தலையில் கட்டிவிடுவார்களே என்று வாத்தியார்களுக்குப் பயம். கரையான் மட்டும் எந்த ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடாமல் படித்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் இப்போது ஏன் நினைவுக்கு வருகிறதென்றால், போன மாதம் அதே வட்டாரத்தில் வேறொரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். பழைய மாணவர்கள் பத்து டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார்கள். "எங்கே, பிள்ளைகள் கையில் ஒன்றையும் காணோமே?" என்றேன். "கண்ணாடி கீறிவிட்டால் யார் சார் பதில் சொல்வது?" என்று ஆசிரியர் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பீரோ! நிறம்தான் வேறு.

அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏட்டுச் சுவடிகளை வைத்திருந்த நம் முன்னோர்களும் அவரைப்போலத்தான் பயந்தார்கள். ஓலை என்றைக்கும் இருக்கக்கூடிய பொருளல்ல. அது இற்றுப்போகும் முன்னே யாராவது உட்கார்ந்து புது ஓலையில் எழுதியாக வேண்டும். எழுத ஆள் இல்லாமல் பரணில் பூட்டிக் காத்த வீடுகளில் கடைசியில் மிஞ்சியது தூள். ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் அச்சில் கொண்டுவந்தாரே, அதன் பிறகு ஒரு பிரதி செல்லரித்தால் இன்னொன்று எங்கேயாவது இருக்கும் என்ற தைரியம் வந்தது.

மதுரைக்கு ஒருமுறை வந்த பாண்டித்துரைத் தேவருக்கு இந்த ஊரிலேயே வேண்டிய தமிழ் நூல் கிடைக்கவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பாலவநத்தம் ஜமீந்தாரான அவர் 1901 செப்டம்பர் 14-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதும், அங்கே பாண்டியன் புத்தகசாலை ஏற்பட்டதும் சரித்திரம். முப்பது வருஷம் கழித்து, 1931 அக்டோபர் 21-ல், மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பியது. அதைத் தொடங்கி வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். 'புத்தகம் பயன்படுவதற்கே' என்று அதே வருஷம் நூலக விதி எழுதிய மனிதர் அவர். எனக்கு அந்த மாட்டு வண்டியின் மேல் தனிப் பிரியம். பூட்டு இல்லாத நூலகமாயிற்றே!

1998 பொங்கலன்று இன்னொரு வண்டி புறப்பட்டது, இந்தத் தடவை சுவிட்சர்லாந்திலிருந்து. லோசான் நகரில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் அறிஞர் தொடங்கிய அந்த முயற்சிக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மதுரைத் திட்டம்'. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத தமிழர்கள் பல தேசங்களில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை பார்த்து, காசில்லாமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். நூல்களின் வரிசை எண் 500-ஐத் தாண்டிவிட்டது. ஓலை மாற்றி எழுதிய அதே வேலைதான். ஆனால் எடுத்துக் கொடுத்தால் குறையாத பிரதி!

2011-ல் அரசு பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தபோது அது வீட்டுக்கே போயிற்று. 2016-ல் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்தன; மின்மை எழுத்து காகிதம்போலவே கண்ணுக்கு இதமாக இருக்கிறது, பக்கம் புரட்டும்போதுதான் மின்சாரம் கேட்கிறது. 2023 ஜூலை 15-ல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தாயிற்று. மதுரைப் பிள்ளைகள் அங்கே போகலாம். கரிசல் காட்டுப் பிள்ளை பஸ் ஏறி வருமா?

என் நச்சரிப்புத் தாங்காமல் ஆசிரியர் பீரோவைத் திறந்தார். ஒரு டேப்லெட்டை எடுத்து அழுத்தினார், உயிர் இல்லை. பேட்டரியை மாதக்கணக்கில் வெறுமையாகப் போட்டால் கெட்டுப்போகும். இதற்கும் ஒரு கரையான்! நல்ல காலம், அரை மணி நேரம் மின்சாரம் கொடுத்ததும் திரை வெளிச்சமாயிற்று. மதுரைத் திட்டத்துத் திருக்குறளை முதலில் இறக்கினோம். பிறகு ஒவ்வொன்றாக நாற்பது நூல்கள். ஐந்தாறு பிள்ளைகள் ஆசிரியர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

ஆசிரியர் ஸ்டாக் ரிஜிஸ்டரை விரித்து, பேனாவைத் திறந்து, சற்று யோசித்தார்.

"இதை ஒன்று என்று எழுதுவதா சார், நாற்பது என்று எழுதுவதா?"