ஊர் தூங்கும்போது நடக்கும் ‘அப்டேட்’: செல்போன் நெட்வொர்க் சர்வர்களை ஆஃப் செய்யாமலே மாற்றுவது எப்படி? சில நேரம் நாடே முடங்குவது ஏன்?

செல்போனுக்கு அப்டேட் வந்தால் இரவில் சார்ஜ் போட்டு, ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். போன் சில நிமிடம் ஆஃப் ஆகி மறுபடியும் ஆன் ஆகும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா, அந்த போனின் அழைப்புகளை இணைத்துவிடும் நெட்வொர்க் சர்வர்களுக்கும் இதே மாதிரி அப்டேட் போட்டாக வேண்டும். அவற்றை மொத்தமாக ஆஃப் செய்ய முடியாது. ஏன்னா, அந்தச் சில நிமிடங்களில் யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்கு அழைத்துக்கொண்டிருப்பார்.

அப்படின்னா இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள்? இவ்வளவு கவனமாகச் செய்தும் சில நேரம் கோடிக்கணக்கான பேரின் போன் ஒரே நாளில் முடங்குவது ஏன்? பார்க்கலாம்.

க்ளஸ்டர் என்றால் என்ன?

நீங்கள் போனை ஆன் செய்ததும், உங்கள் சிம் செல்லுபடியாகுமா, நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், உங்களுக்கு வரும் அழைப்பை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் நெட்வொர்க்கின் மையத்தில் இருக்கும் சர்வர்கள் கவனிக்கின்றன. இந்த வேலையை ஒரே ஒரு சர்வரை நம்பி விடமாட்டார்கள். பல சர்வர்களை ஒரு குழுவாக இணைத்து வைப்பார்கள். அதுதான் க்ளஸ்டர். ஒரு சர்வர் பழுதானால் மற்றவை அதன் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். அப்டேட் போடவும் இதே வசதிதான் கைகொடுக்கிறது.

அட்மின் திரையில் என்ன நடக்கிறது?

பொறியாளர்கள் பெரும்பாலும் சர்வர் இருக்கும் அறைக்கே போவதில்லை. அட்மின் இன்டர்ஃபேஸ் எனப்படும் நிர்வாகத் திரையில் க்ளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும், அதில் ஓடும் மென்பொருளின் வெர்ஷனும், எச்சரிக்கைகளும் வரிசையாகத் தெரியும். வேலை பொதுவாக இந்த வரிசையில் நடக்கும்.

1. சோதனை: ஏற்கெனவே ஏதாவது எச்சரிக்கை நிலுவையில் இருக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, லைசென்ஸும் டிஜிட்டல் சான்றிதழும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். உடம்பு சரியில்லாத க்ளஸ்டரில் அப்டேட்டைத் தொடங்கக் கூடாது.

2. பேக்கப்: அமைப்புகளையும் வாடிக்கையாளர் தரவுகளையும் நகல் எடுத்து வேறு இடத்தில் வைப்பார்கள்.

3. ஃபைல் ஏற்றுதல்: புதிய மென்பொருளை ஏற்றி, அது வழியில் சிதையவில்லை, அசல் நிறுவனம் அனுப்பியதுதான் என்பதை டிஜிட்டல் கையொப்பம் மூலம் உறுதி செய்வார்கள்.

4. ஒரு சர்வரை ஓரம் கட்டுதல்: முதல் சர்வருக்குப் புதிய அழைப்புகள் போவதை நிறுத்துவார்கள். நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் முடியும்வரை காத்திருப்பார்கள், அல்லது அவற்றை வேறு சர்வருக்கு மாற்றுவார்கள். பஸ்ஸை டிப்போவுக்கு எடுத்துப் போகும் முன் பயணிகளை இறக்கிவிடுவது மாதிரிதான் இது.

5. மாற்றம்: புதிய மென்பொருளைப் பதிந்து சர்வரை மறுபடி இயக்குவார்கள். பல கருவிகளில் பழைய வெர்ஷன் அழியாமல் தனிப் பகுதியில் அப்படியே இருக்கும். சரிப்பட்டு வராவிட்டால் அதற்கே திரும்பலாம்.

6. கண்காணிப்பு: சர்வருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழைப்புகளைத் திருப்பிவிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால்தான் அடுத்த சர்வருக்குப் போவார்கள்.

ஏன் நள்ளிரவில்?

இதில் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. 4 சர்வர்கள் இருக்கின்றன, பிஸியான நேரத்தில் ஒவ்வொன்றும் தன் திறனில் 75 சதவீதம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மீதி மூன்றின் சுமை 100 சதவீதத்துக்குப் போய்விடும். மூச்சுவிடக்கூட இடமிருக்காது. நள்ளிரவில் அதே சர்வர்கள் 30 சதவீதத்தில் ஓடினால், ஒன்றை எடுத்த பிறகும் சுமை 40 சதவீதம்தான்.

வேலை நடக்கும்வரை ஒரே க்ளஸ்டரில் பழைய வெர்ஷனும் புதிய வெர்ஷனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடிய வேண்டும். புதிய வெர்ஷன் தரவுத்தள அமைப்பையே மாற்றிவிட்டால், பழையதற்குத் திரும்புவது அவ்வளவு சுலபமில்லை. அதனால் திரும்பிப் போகும் வழியையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைப்பார்கள்.

அப்புறம் எங்கே தவறு நடக்கிறது?

க்ளஸ்டர் என்பது ஒரு மெஷின் பழுதானால் காப்பாற்றும் ஏற்பாடு. எல்லா மெஷினிலும் ஒரே தவறான மென்பொருள் ஏறிவிட்டால் அதனால் காப்பாற்ற முடியாது. மாற்று சர்வரிலும் அதே பிழைதான் காத்திருக்கும்.

இதற்குப் பழைய உதாரணம் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி. 1989 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் 114 தொலைதூர அழைப்பு ஸ்விட்சுகளுக்குப் புதிய மென்பொருள் போட்டது. பல வாரங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. 1990 ஜனவரி 15-ம் தேதி நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் சின்னக் கோளாறால் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டு, சில விநாடிகளில் வேலைக்குத் திரும்பியது. அது திரும்பி வந்து அனுப்பிய தகவல்களைப் பெற்ற மற்ற ஸ்விட்சுகளில், புதிய மென்பொருளில் இருந்த பிழை விழித்துக்கொண்டது. அவையும் ரீஸ்டார்ட் ஆயின. அவை திரும்பி வந்தபோது அடுத்தடுத்த ஸ்விட்சுகள் விழுந்தன. இப்படியே சுமார் 9 மணி நேரம் தொலைதூர அழைப்புகள் தடுமாறின. காரணம், நிரலில் தவறான இடத்தில் இருந்த ஒரே ஒரு கட்டளை.

கனடாவில் நடந்தது என்ன?

2022 ஜூலை 8-ம் தேதி அதிகாலை, கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை மேம்படுத்தும் 7 கட்டப் பணியில் 6-வது கட்டத்தில் இருந்தது. அப்போது ரவுட்டர்களில் இருந்த வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அணை மதகைத் திறந்துவிட்டது மாதிரி, அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. ரவுட்டர்கள் முடங்கின. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். இன்டராக் டெபிட் கார்டு பரிவர்த்தனைகள் நின்றன. 911 அவசர எண்ணை அழைக்க முடியாமல் பலர் தவித்தனர்.

நிலைமையை மோசமாக்கியவை இரண்டு. ஒன்று, பொறியாளர்கள் ரவுட்டர்களைச் சரிசெய்யப் பயன்படுத்தும் நிர்வாகத் திரையும் அதே மைய நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தது. நெட்வொர்க் விழுந்ததும் அதைச் சரிசெய்யும் வழியும் மூடிக்கொண்டது. இரண்டு, டவர்கள் சிக்னலைத் தொடர்ந்து அனுப்பின. அதனால் போன்கள் ‘நெட்வொர்க் இருக்கிறது’ என்று நம்பி, அவசர அழைப்புக்குக்கூட வேறு நிறுவனத்தின் டவருக்கு மாறவில்லை.

பிறகு நடந்த சுயாதீன ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. தொடக்கத்தில் இந்தப் பணி அபாயம் அதிகம் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. முதல் கட்டங்கள் பிரச்னையில்லாமல் முடிந்ததால், வடிகட்டியை மாற்றும் வேலையின் அபாய அளவு ‘குறைவு’ என்று இறக்கப்பட்டிருந்தது. அதாவது, ஐந்து முறை நன்றாக நடந்ததே ஆறாவது முறைக்கான எச்சரிக்கையைக் குறைத்துவிட்டது.

ஆஸ்திரேலியா சொல்லும் பாடம்

2023 நவம்பர் 8-ம் தேதி ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் நெட்வொர்க், வழக்கமான மென்பொருள் மேம்படுத்தலைத் தொடர்ந்து வந்த வழித்தடத் தகவல் மாற்றங்களால் நாடு முழுக்க முடங்கியது. ரவுட்டர்கள் தற்காப்புக்காகத் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. சில இடங்களில் ஆட்கள் நேரில் போய்த்தான் அவற்றை இயக்க முடிந்தது. அன்று 2,145 பேரால் 000 அவசர எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

2025 செப்டம்பர் 18-ம் தேதி அதே நிறுவனத்தில் ஃபயர்வால் மேம்படுத்தலின்போது மறுபடியும் சிக்கல். இந்த முறை சாதாரண அழைப்புகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன. 000 அழைப்புகள் மட்டும் பல மணி நேரம் போகவில்லை. திரையில் மொத்த நிலவரம் நன்றாகத் தெரிந்ததால் கோளாறு உடனே பிடிபடவில்லை. அழைப்பு போகாத வீடுகளில் மரணங்கள் நிகழ்ந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது.

என்ன செய்ய வேண்டும்?

இந்தச் சம்பவங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

* முதல் சர்வருக்கும் அடுத்த சர்வருக்கும் நடுவில் போதிய இடைவெளி வேண்டும். ஏடி அண்ட் டி பிழை பல வாரங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது.

* ‘எல்லாம் பச்சை’ என்று திரை காட்டுவது போதாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவசர எண்ணுக்குச் சோதனை அழைப்பு தனியாகப் போய்ச் சேர வேண்டும்.

* நிர்வாகத் திரைக்குப் போகும் வழி, அது நிர்வகிக்கும் நெட்வொர்க்கைச் சாராமல் தனியாக இருக்க வேண்டும்.

* மையம் விழுந்தால் டவரும் சிக்னலை நிறுத்த வேண்டும். அப்போதுதான் அவசர அழைப்பு வேறு நெட்வொர்க் வழியாகப் போகும்.

* முந்தைய கட்டம் நன்றாக முடிந்தது என்பதற்காக அடுத்த கட்டத்தின் அபாயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் தீர்வில்லை. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடந்தால் அது வேறு ஆபத்து. போட்டே ஆக வேண்டும். ஆனா, ‘அடுத்தது’ என்ற பட்டனை அழுத்தும் முன், திரும்பி வர வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் நடக்கும் இந்த வேலையில் கஷ்டமான பகுதியே அதுதான்.